மூடியில் மூன்று புள்ளி

கோயில் அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. ஒன்றின் மூடி வழவழவென்று இருக்கும். இன்னொன்றின் மூடியில் மூன்று புள்ளி குத்தியிருக்கும். போன வாரம் என்னோடு டப்பா துலக்க வந்த சின்னவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஏன்பா இது மட்டும் குழிகுழியா இருக்கு?” என்று கேட்டாள். “யாரோ ஆணி அடிச்சிப் பாத்துருக்காங்க” என்று பெரியவன் சொன்னான். ஆணி இல்லை. தோல் ஷாப்பில் தோலுக்கு அடையாளம் குத்துகிற பஞ்ச். குத்தியது உங்கள் பெரியப்பா.

வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். உங்கள் அம்மா நடுநடுவே, “அப்டி இல்ல, அன்னிக்கி நீங்க இன்னா சொன்னீங்க தெரியுமா” என்று திருத்திக்கொண்டே இருந்ததால் விட்டுவிட்டேன். எழுதினால் குறுக்கே யாரும் வர முடியாது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். எங்கள் அப்பா போனபோது நான் இரண்டாம் வகுப்பு. அன்றிலிருந்து பெரியப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம் பக்கம் நின்றார். டிரம் என்றால் ஒரு அறை அளவுக்கு இருக்கும் மரப் பீப்பாய். தோலையும் மருந்துத் தண்ணீரையும் அதில் போட்டு நாள் முழுக்கச் சுற்றவிடுவார்கள். அந்த ஈரத்திலும் நெடியிலும் நின்றுதான் என்னை ஒன்பதாவது வரை படிக்கவைத்தார். பிறகு அதே ஷாப்பில் செலக்ஷன் மேஜையில், அதாவது தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிற இடத்தில், என்னைச் சேர்த்துவிட்டார். அவரிடம் எதையும் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், பழக்கமே இல்லை. பின்னால் வரப்போவதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் கோயில் வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்து சபை முறைப்படி கட்டியது. பெயரும் நிர்வாகமும் மாறினாலும் முறை பெரும்பாலும் அதுதான். ஊர் சபைக்கு ஓர் ஆயர். ஆயர்களுக்கு மேலே பேராயர். பேராயர் தலையில் கை வைத்துக் குருப்பட்டம் கொடுத்தவர் மட்டும்தான் பீடத்தில் நின்று அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் ஜெபித்துப் பிரதிஷ்டை பண்ணலாம். அதுவரை அது காகிதம் போல மெல்லிய மாவு வட்டம். அதற்குப் பிறகு திருவிருந்து. மீந்தாலும் குப்பையில் போடக் கூடாது. இது உங்களுக்கும் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் சபைக்கு மாறுதலாகி வந்த ஆயர் ஒரு பெண். வேறு ஊர்களில் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். நம் பக்கத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்காரர் வேலூரில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். சத்துவாச்சாரியில் அவர்களுக்கு வீடு. ஆயரின் மனைவியைத்தான் அதுவரை ஆயரம்மா என்று கூப்பிட்டுப் பழகியிருந்தோம். இப்போது ஆயரே அம்மா. அப்படியானால் அவர் வீட்டுக்காரரை என்னவென்று கூப்பிடுவது என்று வாலிபர் சங்கத்தில் ஒரு மாதம் பேசிப் பேசிச் சிரித்தார்கள். கடைசியில் ‘சார்’ என்று முடிவானது.

எல்லோரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா நடத்திய முதல் திருவிருந்து ஆராதனையில், பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியண்டை முழங்கால் போடும் நேரம் வந்ததும், பெரியப்பா எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். சத்தம் போடவில்லை, முகத்தைக்கூட இறுக்கவில்லை. எழுந்தார், போனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வெளியே போய் எண்ணிப் பார்த்தால் பதினோரு குடும்பம்.

அன்று மத்தியானம் நம் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. உங்கள் அம்மா இலையைப் போட்டதிலிருந்து விடவில்லை.

“ஏன் மாமா, போன மாசம் ஆஸ்பத்திரில உங்களுக்கு ஊசி போட்டது பொம்பள தான? அப்ப கைய நீட்னீங்களே.”

“ஊசி வேற, பீடம் வேற.”

“இன்னா வேற?”

“கர்த்தர் பன்னெண்டு பேரக் கூப்ட்டார். அதுல ஒரு பொம்பள இல்ல. பெத்த தாய் மேல அவருக்கு மரியாத கம்மியா? இல்லியே. ஆனாலும் கூப்டல.”

“பன்னெண்டு பேர்ல டிரம் ஓட்றவரு கூடத்தான் யாரும் இல்ல. நீங்க சபை கமிட்டில போயி குந்தல?”

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்தார். மோர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனால் மாறவில்லை. “அந்தம்மா நல்லவங்க தான். பிரசங்கம் பழைய ஆயர விட ஜோரா இருக்கு. நான் அவங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். என் மனசு ஒத்துக்கல, அவ்ளோ தான். ஒத்துக்காத மனச வெச்சிக்கினு முழங்கால் போட்டா அது நடிப்பு” என்றார்.

அவர் நினைத்தது தப்பு என்று உங்கள் அம்மா இன்றும் சொல்வாள். பெரியம்மாவும் அப்போது அப்படித்தான் சொன்னார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் கையிலிருந்து வந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் பட்டது. அதை நான் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று மாதம் இப்படியே வேப்பமரத்தடியில் போனது. பிறகு பேராயர் ஒரு சனிக்கிழமை வந்து கமிட்டியையும் அந்தப் பதினோரு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்தார். ஆயரம்மாவும் இருந்தார். பேராயர் பேசியதில் எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். ஆயரம்மாவுக்குக் கொடுத்தது முழுக் குருப்பட்டம், அதில் குறை எதுவும் இல்லை, அதைப் பற்றி இங்கே பேச்சு வேண்டாம் என்றார். அதே மாதிரி, மனசாட்சிக்கு விரோதமாக யாரையும் முழங்கால் போடச் சொல்லவும் மாட்டேன் என்றார். அதனால் ஓர் ஏற்பாடு. நாட்றம்பள்ளிப் பக்கம் இருந்த இன்னொரு சபையின் ஆயர், மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து இந்தக் குடும்பங்களுக்குத் திருவிருந்து கொடுப்பார். வியாதி, சாவு என்றாலும் அவர்கள் விரும்பினால் அவரே வருவார். மற்றபடி எல்லாம் ஆயரம்மாவின் பொறுப்பு. இதைக் கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கூடவே ஒரு நிபந்தனை வைத்தார். கோயில் ஒன்று, பதிவேடு ஒன்று, கமிட்டி ஒன்று, பாத்திரமும் ஒன்று. மத்தியானக்காரர்களுக்கென்று தனியாக ஒரு தட்டுகூட வாங்கக் கூடாது. தட்டு தனியானால் கொஞ்ச நாளில் சபையும் தனியாகிவிடும் என்றார்.

நாட்றம்பள்ளியிலிருந்து வந்தவர் வயதானவர். கண்ணில் புரை விழுந்திருந்தது. முதல் மாதமே பீடத்திலிருந்து சொன்னார்: “உங்க ஆயரம்மா குடுக்கறதும் நான் குடுக்கறதும் ஒண்ணு தான்னு நான் நம்பறேன். உங்களால முடியலன்றதால பேராயர் என்ன அனுப்பறார். நான் பஸ் ஏறி வர்றேன்.” மத்தியானக்காரர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெரியப்பாவுக்குப் பிடித்திருந்தது. “மறைக்காம சொல்ட்டாரு பாத்தியா” என்றார்.

பாத்திரங்களை எடுத்து வைக்கிற வேலை எனக்கு வந்தது. காலையில் மனைவி, மத்தியானத்தில் அண்ணன் என்று இரண்டு பக்கமும் எனக்கு ஆள் இருந்ததால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று கமிட்டி நினைத்தது. இந்த இரண்டு டப்பாக்களும் அப்போதே இருந்தன. ஒரு குடும்பம் ஜோடியாக வாங்கிக் கொடுத்தது. ஒன்றில் புது அப்பம். இன்னொன்று வியாதிக்காரர்களுக்கானது. காலை ஆராதனையில் ஆயரம்மா பிரதிஷ்டை பண்ணியதில் கொஞ்சம் எடுத்து அதில் போட்டு வைப்பார். சாயங்காலம் படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோவார். அதுவரை டப்பா அலமாரியில் இருக்கும்.

ஒன்றரை வருடம் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது. பிறகு ஒரு முதல் ஞாயிறு. பதினோரு குடும்பத்தில் ஒரு வீட்டில் மறுநாள் கல்யாணம். சென்னையிலிருந்து உறவுக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். மூன்று மணி ஆராதனைக்கு அவர்களும் வந்து நாலு பெஞ்சு நிரம்பிவிட்டது. வழக்கமாக வருகிற ஆட்களை நினைத்து நான் அப்பம் எண்ணி வைத்திருந்தேன். ஆயர் பிரதிஷ்டை பண்ணிக் கொடுத்துக்கொண்டே வந்தார். கிராதியண்டை இன்னும் நாலு பேர் இருக்கும்போது தட்டு காலி. மூன்று பேர் கல்யாணத்துக்கு வந்தவர்கள். நாலாவது பெரியப்பா. வீட்டு ஆட்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பெரியவர் கடைசியில் போவது எங்கள் பழக்கம்.

ஆயர் திரும்பி, “இன்னும் இருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பம் தீர்ந்தால் செய்ய வேண்டிய முறை ஒன்று உண்டு. புது அப்பத்தைப் பீடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஆயர் அதன்மேல் மறுபடி அந்த ஜெபத்தைச் சொல்ல வேண்டும். நான் அலமாரியைத் திறந்தேன். இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எது எது என்று எனக்குத் தெரியும். வியாதிக்காரர்களின் டப்பாவில் இருப்பது ஏற்கெனவே பிரதிஷ்டை ஆனது, ஜெபம் சொல்லத் தேவையில்லை, முழங்காலில் நிற்பவர்களைக் காக்கவைக்க வேண்டாம் என்று கை அதற்குப் போய்விட்டது. யாருக்காக இந்த மூன்று மணி ஆராதனையே நடக்கிறது என்பது அந்த ஒரு நிமிடம் என் மனதில் இல்லை. ஆயர் தாம் பிரதிஷ்டை பண்ணியதிலிருந்து நான் எடுத்து வைத்தது என்று நினைத்திருப்பார். பார்த்துச் சொல்ல அவருக்குக் கண்ணும் இல்லை. எடுத்தார், கொடுத்தார்.

பெரியப்பா எப்போதும் சத்தமாக ‘ஆமென்’ சொல்லி வாங்குவார். பின் பெஞ்சு வரை கேட்கும். அன்றும் அப்படியே சொன்னார். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “வாங்கினாரா? ஒண்ணும் ஆகலியே? ரெண்டும் ஒண்ணு தான்னு இதுலயே தெரியலியா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லாதீங்க. சும்மா இருக்கற மனுஷனுக்கு ஏன் பேஜாரு” என்றாள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. சொன்னால் அவர் ஒன்றரை வருடம் வெயிலில் நடந்து வந்து காப்பாற்றிய ஒன்று போய்விடும், அதைப் போக்கியது நான். சொல்லாவிட்டால் தினமும் அவரோடு ஒரே கேட்டில் வேலைக்குப் போக வேண்டும்.

ஆறு மணிக்கு ஆயரம்மா வியாதிக்காரர்களைப் பார்க்கக் கிளம்பி வந்தார். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, “கம்மியா இருக்கே தம்பி?” என்றார். மறைக்க வழி இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானே மேலும் பேசினேன்.

“ஒரு வகையில பாத்தா இது கர்த்தரே பண்ணதா கூட இருக்கலாம் ஆயரம்மா. இனிமே அண்ணன்…”

“அப்டி சொல்லாதீங்க.” குரல் உயரவில்லை. “உங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. எனக்கும் ஒண்ணு. அவருக்கு இல்லியே. அவர் என் கையால வாங்கணும்னு எனக்கு ஆசை இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா இப்டியா? தூங்கற ஆள் வாயில ஊத்தற மாதிரி?”

நான் அலமாரியைச் சாத்தினேன்.

“நாளைக்கே சொல்லிடுங்க. திட்டினா வாங்கிக்கோங்க. ‘ஒண்ணும் ஆகல’ன்னு மட்டும் நீங்க சொல்லக் கூடாது. ஆச்சா ஆகலியான்னு அவர் சொல்லட்டும்.” டப்பாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, “நான் அந்த நாட்றம்பள்ளி ஐயாவுக்குப் போன் பண்றேன். வந்து உங்க அண்ணனப் பாக்கட்டும்” என்றார். “அண்ணனும் என் சபை தான? பேராயர் கடுதாசில அப்டித்தான இருக்கு?”

மறுநாள் டீ நேரத்தில் டிரம் பக்கம் போனேன். பெரியப்பா குழாயடியில் ரப்பர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நேத்து கடைசியா உங்களுக்கு வந்தது மத்தியானத்து அப்பம் இல்ல. காலைல ஆயரம்மா பிரதிஷ்டை பண்ணி வெச்சது. தீந்துபோச்சின்னு நான் தான் எடுத்தாந்தேன். ஐயாவுக்குத் தெரியாது.”

அவர் நிமிரவில்லை. “தெரிஞ்சா எடுத்தே?”

“தெரிஞ்சி தான். யோசிக்கல.”

பூட்ஸுக்குள் தண்ணீர் விட்டுக் கொட்டினார். எங்கள் செலக்ஷன் மேஸ்திரி ஒரு பாய். பண்டிகைக்கு நாங்கள் வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுபோனால் அவருக்கும் கொடுப்போம். பெரியப்பா அந்தப் பேச்சை எடுத்தார்.

“பாய்க்கு கறி குடுக்கும்போது ஹலாலா இல்லியான்னு சொல்லிட்டு தானடா குடுக்கறோம்? இத்தன வருஷத்துல ஒரு நாள் சொல்லாம தட்ல வெச்சிருக்கமா?”

“இல்லண்ணா.”

“பாய்க்கு இருக்கற மரியாத எனக்கு இல்லியா?”

அவர் இன்னொரு பூட்ஸை எடுத்தார். “ஆயரம்மாக்குத் தெரியுமா?”

“தெரியும். அவங்க தான் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். “அவங்களா?” என்றார். ஆயரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், தூங்கற ஆள் வாயில் ஊத்தறது உட்பட. கேட்டுவிட்டுக் குழாயை மூடினார். “போ, மணி அடிச்சிட்டான்” என்றார்.

அந்த வாரம் அவர் நம் வீட்டுக்கு வரவில்லை. ஷாப்பில் வேலைப் பேச்சோடு சரி. வியாழக்கிழமை நாட்றம்பள்ளி ஆயர் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அவரைப் பெரியப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“என் மேலயும் தப்பு இருக்குப்பா. எதுலேர்ந்து எடுத்தாந்தன்னு நான் கேட்டிருக்கணும்” என்றார் ஆயர்.

“உங்கள யாரு ஐயா வரச் சொன்னது?” என்றார் பெரியப்பா.

“உங்க ஆயரம்மா தான் போன் பண்ணாங்க.”

“எங்க ஆயரம்மா இல்ல. ஊரு ஆயரம்மா.”

“சரி, ஊரு ஆயரம்மா. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது, முழங்கால் போடு.”

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். ஆயர் அங்கேயே மேஜையில் துணி விரித்துப் பிரதிஷ்டை பண்ணிக் கொடுத்தார். பெரியப்பா வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, “அந்த வியாதிக்காரங்க டப்பா இருக்கே, அதுக்கு ஒரு அடையாளம் வெக்கணும். ரெண்டு பேரு தோல் லாட்டு கலந்துச்சின்னா நாம இன்னா பண்ணுவோம்? பஞ்ச் போடுவோமா இல்லியா? ஐயாவுக்குக் கண்ணு தெரியலன்னாலும் கைக்குத் தெரியணும். அவங்களக் கேட்டுட்டு வா” என்றார். ஒரு வாரத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஆயரம்மாவிடம் கேட்டேன். “தாராளமா போடச் சொல்லுங்க. லேசா வேணாம், விரல்ல தட்டணும்” என்றார்.

சனிக்கிழமை பெரியப்பா ஷாப்பிலிருந்து பஞ்சும் சுத்தியும் கொண்டுவந்தார். கோயில் பின்பக்கம் இருக்கும் கருங்கல்லில் மூடியைக் கவிழ்க்காமல் வைத்து, கீழே ஒரு துண்டுத் தோலை மெத்தை போலக் கொடுத்து, மூன்று அடி அடித்தார். பொத்துக்கொள்ளாமல் குழி மட்டும் விழ வேண்டும். அது கைப்பழக்கம். ஏன் மூன்று என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். எங்கள் ஷாப்பில் வேறு முதலாளியின் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தருவதும் உண்டு. அந்தச் சரக்கில் வால் பக்கம் மூன்று புள்ளி இருக்கும். அதை நம் சரக்கோடு கலக்கக் கூடாது. கீறல் விழாமல் பார்த்து உடையவரிடம் திருப்பித் தர வேண்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, நான் டப்பாவோடு பெஞ்சுகளுக்கு நடுவே பீடத்துக்குப் போகும்போது பெரியப்பா கையை நீட்டி நிறுத்தினார். மூடியின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தேய்ப்பு. செலக்ஷன் மேஜையில் நாங்கள் தோலைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி. “ம், போ” என்றார். பின்னாலிருந்து யாரோ, “இன்னாண்ணா, ஒண்ணாம் நம்பரா?” என்றார்கள். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதமும் தேய்க்காமல் விட்டதில்லை. என்னை மன்னித்துவிட்டார் என்று பெரியம்மா சொன்னார். இருக்கலாம். மன்னிப்பது வேறு, சோதிப்பது வேறு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு நெஞ்சில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயரம்மா வாரம் ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். முதல் தடவை வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “பாருங்கண்ணா, வெறுங்கையோட தான் வந்துருக்கேன்.”

“உக்காரும்மா. ஜெபம் பண்றதுக்கு ஒண்ணும் தடையில்ல” என்றார் பெரியப்பா. பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு, “அம்மாவுக்குச் சக்கர கம்மியா காப்பி போடு” என்றார். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் மத்தியானம் மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. திருவிருந்து வேண்டும் என்று ஜாடை காட்டினார். ஆயரம்மா நாட்றம்பள்ளிக்குப் போன் பண்ணிவிட்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். கிருஷ்ணகிரி ரோட்டில் லாரி கவிழ்ந்து பஸ் எல்லாம் நின்றிருந்தது. ஒரு மணி நேரம் ஆனது. வரவில்லை. பெரியப்பாவின் கண் வாசலையே பார்த்தது. ஆயரம்மா வேறு வீடுகளுக்குப் போவதற்காகக் கிளம்பியிருந்ததால் அவர் பையில் அந்தப் புள்ளி டப்பா இருப்பது எனக்குத் தெரியும். அவரை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

“உங்ககிட்ட இருக்கு இல்ல ஆயரம்மா?”

“இருக்கு.”

“ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமா? இப்ப ஒருவேள சரின்னுவார்.”

அவர் உள்ளே ஒருமுறை பார்த்தார். “வேணாம் தம்பி. கேட்டா, வேணாம்னு சொல்றதுக்கு அவருக்கு மூச்சு வேணும். அத ஏன் செலவு பண்ண வெக்கணும்?” என்றார். பையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய், பெரியம்மா கையிலிருந்த விசிறியை வாங்கி வீசிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆயர் வந்தபோது வேட்டியெல்லாம் புழுதி. யாரோ ஒருவருடைய டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபத்தை ஆரம்பித்தார். நான் கோயிலிலிருந்து எடுத்து வந்திருந்த டப்பாவைப் பெரியப்பா கையண்டை கொண்டுபோனேன். அவருக்குக் கண் மூடியிருந்தது. கட்டைவிரல் மட்டும் மெதுவாக மூடியின்மேல் போனது. ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம் வரை. வழவழவென்று இருந்தது. கையை மல்லாத்தினார்.

ஆயர் உள்ளங்கையில் வைத்தார். ஆமென் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. ஆயரம்மா சொன்னார், பின் பெஞ்சு வரை கேட்கிற மாதிரி.

அடக்கத்தையும் நாட்றம்பள்ளி ஆயர்தான் நடத்தினார். கடிதத்தில் அதுவும் இருந்தது.

டப்பா துலக்கும்போது புள்ளிகளுக்குள் பவுடர் தங்கிவிடும். பழைய பல் பிரஷ் ஒன்று அலமாரியின் கீழ்த் தட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அதைக் கொண்டு எடுங்கள். குச்சியால் நோண்ட வேண்டாம்.